மூடுவதற்கு முன் பாருங்கள்



ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. வேலை ஓய்வுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கம்பத்துப் பக்கம் ஒரு துண்டு நிலம் பார்த்திருக்கிறோம். எங்களுக்குப் பால் வெட்டத் தெரியும், பழம் வெட்டத் தெரியும். வீடு கட்டத் தெரியாது. ஏமாறாமல் கட்டி முடிப்பது எப்படி?

நியாயமான கேள்வி. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது நம் பெரியவர்கள் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் தவிப்பைக் கண்டுதான். இன்று சேமநிதிப் பணம் ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் அந்தப் பணம் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். அதில் எழுப்பிய சுவர் விரிந்து போனால், மறுபடி எழுப்ப இன்னொரு சேமநிதிக்கு எங்கே போவது?

இதற்காக நீங்கள் கொத்தனாராக மாற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையில் தவறும் ஏமாற்றும் பெரும்பாலும் மூடிய இடத்தில்தான் ஒளிந்திருக்கும். வண்ணம் பூசிய சுவரை எல்லாரும் பார்க்கிறார்கள். மண்ணுக்குள் போன கம்பியையும் சாந்துக்குள் போன குழாயையும் யார் தோண்டிப் பார்ப்பது? ஆகவே ஒவ்வொரு வேலையும் மூடப்படுவதற்கு முன் பாருங்கள். பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எதை, எப்போது, எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் அஸ்திவாரம் பத்திரம்

கல்லும் மணலும் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிலத்தின் பத்திரம். விற்பவர் காட்டும் கிராண்டின் நகலைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அதிலுள்ள லாட் எண்ணையும் பட்டா எண்ணையும் குறித்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய் 'சாரியான் ரஸ்மி', அதாவது அதிகாரபூர்வத் தேடல், செய்யுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, நிலவரி பாக்கி உண்டா என்பவற்றை விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இன்னும் சில வரிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று வகைப்படுத்துகிறது. உங்கள் நிலம் எந்த வகை என்று பாருங்கள். விவசாய நிலமானால் அதில் வீடு கட்ட என்ன நிபந்தனை என்று அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். 'செகாத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற தலைப்பின் கீழ் ஏதாவது எழுதியிருந்தால், மாநில அரசின் அனுமதி இல்லாமல் அந்த நிலம் கைமாறாமல் போகலாம். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று குறித்திருந்தால் அது நம் பெயருக்கு மாறாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

'லோட் லிடி' என்று ஒரு வியாபாரம் உண்டு. ஒரு பெரிய விவசாய நிலத்தை ஈர்க்குச்சி போலக் கீற்றுக் கீற்றாகக் கோடு போட்டு விற்பார்கள். அந்தக் கோடு விற்பவரின் தாளில் மட்டும்தான் இருக்கும். நில அலுவலகத்தின் பதிவில் இருக்காது. உங்களுக்குத் தனிப் பட்டா வராது. ஒரே கிராண்டில் இருபது பேர் பங்காளிகளாக இருந்தால், நீங்கள் நிற்கும் இடம் உங்களுடையது என்று சொல்ல என்ன ஆதாரம்?

இன்னொன்று டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ். அது அந்தந்த ஆண்டின் முடிவோடு காலாவதியாகிறது. விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. லைசென்ஸ்காரர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அந்த நிலத்தில் சேமநிதிப் பணத்தைக் கொட்டிக் கல்வீடு எழுப்புவது, பிள்ளைகளுக்குத் தகராறை எழுதி வைப்பதற்குச் சமம்.

முன்பணத்தை விற்பவர் கையில் நேரே கொடுக்காமல் வழக்கறிஞர் மூலம் கொடுங்கள். அதற்கு ஆகும் கட்டணத்தை வீட்டுச் செலவின் முதல் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிளான் இல்லாமல் ஒரு கல்லும் வேண்டாம்

நம் சொந்த நிலம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ பிளானை அங்கீகரித்த பிறகுதான் கட்டத் தொடங்கலாம். சிறிய வீடானால் பதிவு பெற்ற பிளான் வரைவாளரிடம் போகலாம். அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும் எஞ்சினியர் கணக்கு வேண்டும். அவர் பதிவு பெற்றவர்தானா என்று முதலில் கேளுங்கள்.

2007 ஏப்ரல் முதல், வீடு குடியிருக்கத் தகுதியானது என்ற சான்றிதழை பிளானைச் சமர்ப்பித்த நிபுணரே கையெழுத்திட்டுத் தருகிறார். சி.சி.சி. என்று சொல்வார்கள். அதற்காக ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள் உண்டு. மண் வேலை, எல்லைக் குறியீடு, அஸ்திவாரம், குழாய், மின்சாரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திட வேண்டும். நாம் சொல்லும் 'மூடுவதற்கு முன் பார்' என்பதைச் சட்டமே சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பிளான்காரரிடம் பேரம் பேசும்போதே, அஸ்திவாரக் குழியை மூடுவதற்கு முன் நேரில் வருவாரா, எத்தனை முறை வருவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிளானைப் பார்க்கும்போது வீட்டு அம்மாமாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். 1984-ஆம் ஆண்டின் கட்டட துணைவிதிகள் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கின்றன. முதல் அறை 11 சதுர மீட்டர், அதாவது சுமார் 118 சதுர அடி, இரண்டாவது 9.3 சதுர மீட்டர், சுமார் 100 சதுர அடி. மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டர், சுமார் 70 சதுர அடி. அறையின் உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. சன்னல்கள் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இது குறைந்தபட்சம்தான். நம் சீதோஷ்ணத்துக்குச் சன்னல் பெரிதாக இருந்தால் நல்லது. நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி வீட்டைத் திருப்பி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் சுவரில் அதிகம் விழாது.

குளியலறையை முதியவர் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் வையுங்கள். அதன் கதவு 3 அடி அகலம் இருக்கட்டும்; வாசலில் உயரப் படி வேண்டாம். இன்று கட்டும் நாமே நாளை அந்த முதியவர்.

மண்ணைப் பற்றி அக்கம்பக்கம் கேளுங்கள்

நிலத்தை வெயில் நாளில் பார்த்தால் போதாது. நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பெருமழை பெய்யும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பருவமழை. 2014 டிசம்பரில் கிளந்தானும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரமும் எப்படி மூழ்கின என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். அவர் சுவரில் கறை இருக்கும். உங்கள் தரை அதைவிட மேலே இருக்கட்டும்.

மண்ணின் தன்மையும் இடத்துக்கு இடம் மாறும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பழைய நிலங்களில் மேலே மணலும் கீழே குழைந்த சேறும் கிடக்கலாம். கடலோரத்தில் மிருதுவான களிமண். சில இடங்களில் கறுத்த, பஞ்சு போன்ற சதுப்பு மண். தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய கோபுரம் ஏன் சாய்ந்து நிற்கிறது? மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம். கீழே தாங்காத மண். பார்க்க வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. நம் வீடு சாய்ந்தால் வேடிக்கையா? இப்படிப்பட்ட மண்ணில் எத்தனை அடி ஆழம், கம்பம் இறக்க வேண்டுமா என்பதை எஞ்சினியர்தான் சொல்ல வேண்டும். பாக்காவ் மரக் கம்பம் இறக்கச் சொன்னால், அதன் தலை நிலத்தடி நீருக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். நீருக்குள் இருக்கும்வரை அது கெடாது. மேலே வந்தால் மட்கிப்போகும்.

பழைய ரப்பர் நிலமானால் இன்னொரு எதிரி உண்டு. உயிரோடு நிற்கும் ரப்பர் மரத்தையே தாக்கும் கரையான் இந்த மண்ணில் இருப்பது பால் வெட்டுக்காரர்களுக்குத் தெரியும். மரத்தை வெட்டிவிட்டு வேரையும் கட்டையையும் மண்ணில் புதைத்தால் அவற்றுக்கு விருந்து வைத்ததாகிவிடும். விருந்து முடிந்ததும் அவை உங்கள் கதவு நிலைக்கு வரும். அடிக்கட்டைகளைத் தோண்டி அகற்றுங்கள். வேலையின்போது விழும் பலகைத் துண்டுகளையும் குழிக்குள் தள்ளி மூட விடாதீர்கள். தரைக்குச் சிமெண்டு போடுவதற்கு முன்பு கரையான் மருந்து தெளிக்க வேண்டும். தரை போட்ட பிறகு தெளிப்பதானால் அதைத் துளைக்க வேண்டிவரும்.

கயிறும் தண்ணீர்க் குழாயும்

எல்லைக் கல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குக் கோடு பிடிக்க வேண்டும். கல் காணவில்லை என்றால் பதிவு பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். அண்டை வீட்டுக்காரரின் வேலியை நம்பிக் கோடு பிடிக்கக் கூடாது.

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 6 அடியும் மறு கயிற்றில் 8 அடியும் அளந்து குறி வையுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 10 அடி இருந்தால் மூலை நேர். பிறகு எதிர் மூலைகளைக் குறுக்கே அளந்து பாருங்கள். வீடு 24 அடிக்கு 32 அடி என்றால் இரண்டு குறுக்கும் சரியாக 40 அடி வர வேண்டும். ஓர் அங்குலம் மாறினால்கூடக் கயிறைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. சுவர் எழுந்த பிறகு கூரைத் தகரம் கோணலாகப் போகும்போது திருத்த முடியுமா?

மட்டம் பார்க்க ஒரு நீளமான, கண்ணாடி போன்ற ரப்பர் குழாய் போதும். அதில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் கணக்கு பொய் சொல்லும். குமிழியை முதலில் வெளியேற்றிவிடுங்கள்.

கம்பியும் கலவையும்

வீட்டுக்கு உயிர் இருக்கும் இடம் இதுதான். அவசரம் காட்டும் இடமும் இதுதான்.

அஸ்திவாரக் குழியில் சிமெண்டு ஊற்றும் நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே நில்லுங்கள். குழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் இறைக்கச் சொல்லுங்கள். சரிந்து விழுந்த மண்ணை வாரச் சொல்லுங்கள். கம்பி எத்தனை, என்ன கனம், எவ்வளவு இடைவெளி என்று பிளானைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எண்ணுவதற்கு எஞ்சினியர் படிப்பு தேவையில்லை. பெரட்டில் ஆள் எண்ணுவது போலத்தான்.

கம்பி மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது. குழியின் அடியில் முதலில் இரண்டு அங்குலம் சாதாரணக் கலவை போட்டு மட்டமாக்குவது நல்லது. அதன்மேல் இரண்டு அங்குலக் கனத்தில் சிமெண்டுச் சில்லுகளை வைத்து, அவற்றின்மேல் கம்பி உட்கார வேண்டும். பலகைத் துண்டோ உடைந்த செங்கலோ வைக்க விடாதீர்கள். கம்பியைச் சுற்றி போதிய சிமெண்டு இல்லையென்றால் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். துரு ஊதிக் கம்பி பருத்துச் சிமெண்டைப் பிளந்துவிடும். அது வெளியே தெரியப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அப்போது குத்தகையாளரை எங்கே தேடுவது?

தூணுக்கும் உத்தரத்துக்கும் என்ன கலவை என்று எஞ்சினியர் எழுதியிருப்பார். அதை மாற்றக் கூடாது. வீட்டைச் சுற்றிய நடைபாதை போன்ற பாரம் தாங்காத இடங்களுக்கு ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்பது வழக்கம். மண்வெட்டியால் கணக்கு வைக்காதீர்கள். ஒருவர் மண்வெட்டி குவியலாக வரும், மற்றவருடையது பாதியாக வரும். ஒரே வாளியால் அளக்கச் சொல்லுங்கள்.

கலவையில் எல்லாருக்கும் பிடித்த திருட்டு தண்ணீர்தான். தண்ணீர் அதிகம் விட்டால் கலவை ஓடும், வேலை சுலபம். ஆனால் உறுதி போய்விடும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது நினைவில் வைக்க வேண்டிய அளவு. மணல் நனைந்திருந்தால் இன்னும் குறைவு. கலந்த கலவையை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ரப்பர்ப் பால் உறையத் தொடங்கிய பிறகு தண்ணீர் ஊற்றிப் பயன் உண்டா? சிமெண்டும் அப்படித்தான். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறினால் அதைத் தடுத்து நிறுத்துங்கள்.

போட்ட பிறகு நேர்மாறாகச் செய்ய வேண்டும். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே ஏழு நாள் ஈரம் காயாமல் கோணிச் சாக்கைப் போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். இது குடும்பமே செய்யக்கூடிய வேலை. உத்தரத்தின் அடிப்பலகையையும் முட்டுக்கட்டையையும் இரண்டு வாரத்துக்கு முன் கழற்ற விடாதீர்கள். நீளமான உத்தரமானால் மூன்று வாரம். வாடகைப் பலகைக்குக் காசு ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். அசைந்து கொடுக்காதீர்கள்.

வந்து இறங்கும் சாமான்கள்

மணல் லாரி வந்ததும் கொட்டுவதற்கு முன் அதன் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அப்படியே வையுங்கள். மணலின்மேல் சேறு தனியாகப் படியும். மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேறு இருந்தால் அந்த மணல் வேண்டாம். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

இரண்டு செங்கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒற்றைக்கல் சுவர் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 550 செங்கல் ஆகும். மேலே சொன்ன 24 அடிக்கு 32 அடி வீட்டின் சுற்றுச்சுவர் 112 அடி நீளம். 9 அடி உயரமென்றால் ஏறத்தாழ 1,000 சதுர அடி. கதவு, சன்னலைக் கழிக்காமல் 5,500 செங்கல், உடைசலுக்குக் கொஞ்சம். இந்தக் கணக்கு கையில் இருந்தால், எட்டாயிரம் கல் வேண்டும் என்று யாராவது சொல்லும்போது ஏன் என்று கேட்கலாம்.

சிமெண்டு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல், மழை படாமல் அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள். கட்டி தட்டிப்போன மூட்டையைத் தூணுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பூச்சுக்கு முன் ஒரு நாள்

சுவர் ஒரே நாளில் நான்கு, ஐந்து அடிக்கு மேல் எழ வேண்டாம். அடிச் சாந்து இறுக நேரம் கொடுங்கள். சுவர் எழுந்து, பூச்சு தொடங்குவதற்கு முன் ஒரு முழு நாளை உங்களுக்கென்று கேட்டு வாங்குங்கள். அன்று மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, தண்ணீர்க் குழாய் முழுவதிலும் நீர் நிரப்பி இரவு முழுக்க விட்டு, காலையில் எந்த இணைப்பிலாவது கசிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, மின்கம்பிக் குழாய்கள் எங்கெங்கே போகின்றன என்று கைத்தொலைபேசியில் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உயிரைக் காக்கும். மின்சார வேலையைப் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். வெந்நீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். தம்பி மகன் கொஞ்சம் வயரிங் தெரிந்தவன் என்பதெல்லாம் இங்கே உதவாது.

மூன்றாவது, குளியலறைத் தரை. ஓடு பதிப்பதற்கு முன் தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு ஒரு நாள் வையுங்கள். மட்டம் குறைந்தாலோ பக்கத்துச் சுவரில் ஈரம் கண்டாலோ அப்போதே சரி செய்யச் சொல்லுங்கள். மலக்குழித் தொட்டி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைச் சுத்தம் செய்ய வரும் லாரிக்கும் வழி இருக்க வேண்டும்.

பணம் போதாமல் இரண்டு அறை மட்டும் இப்போது கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். பின்னால் சேர்க்கும் அறையையோ சமையற்கட்டையோ பழைய சுவரோடு இறுகப் பிணைத்தால், புதுப் பகுதி கொஞ்சம் அமரும்போது இணைப்பில் விரிசல் வரும். பிற்காலத்தில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் பிளான் போடும்போதே எஞ்சினியரிடம் சொல்லிவிடுங்கள். அஸ்திவாரத்தை முழுவதுமாகப் போடுவதா, இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார்.

பணம் போகும் வழி

குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சி.ஐ.டி.பி.யில், பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டின் சட்டம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அவர் முன்பு கட்டிய வீட்டுக்குப் போய், அங்கே குடியிருப்பவரிடம் மழைக்காலத்தில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். பாதிப் பணம் முன்னால் கேட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். பாதிப் பணம் போன பிறகு அவசரம் உங்களுக்கு; அவருக்கு இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். நூறு பங்கில் முன்பணம் 10. அஸ்திவாரமும் தரையும் முடிந்ததும் 20. தூணும் உத்தரமும் நின்றதும் 20. கூரை மூடியதும் 20. சுவர், குழாய், மின்சாரம், பூச்சு முடிந்ததும் 15. சான்றிதழ் கையில் வந்ததும் 10. மீதி 5 ஆறு மாதம் கழித்து. 80,000 வெள்ளி வேலையானால் கடைசியாக நிற்பது 4,000 வெள்ளி. ஒரு மழைக்காலத்தைக் கூரை தாங்கியதா என்று பார்த்த பிறகு அதைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். உறவுக்காரரானாலும் ரசீது வேண்டும். உறவு கெடாமல் இருப்பதற்கே அது.

சேமநிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்காலத்துக்கு 75 விழுக்காடு, 'செஜாத்ரா' கணக்குக்கு 15, 'ஃபிளெக்சிபெல்' கணக்குக்கு 10. வீடு கட்ட எடுப்பது 'செஜாத்ரா' கணக்கிலிருந்துதான். அதில் உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது, என்னென்ன பத்திரம் கேட்பார்கள் என்பதை நிலம் வாங்குவதற்கு முன்பே வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுதி வாருங்கள். சொந்த நிலம் உள்ள குறைந்த வருமானக்காரர்களுக்கு தேசிய வீடமைப்பு நிறுவனமான எஸ்.பி.என்.பி.யின் 'ரூமா மெஸ்ரா ரக்யாட்' திட்டத்தையும் விசாரித்துப் பாருங்கள்.

செலவைக் குறைக்கக் கோத்தோங் ரோயோங் நல்ல வழி. காடு வெட்ட, கல் சுமக்க, சாக்கு நனைக்க, வண்ணம் பூச அக்கம்பக்கத்தாரை அழைக்கலாம். கம்பி கட்டுவதிலும் மின்சாரத்திலும் கூரைச் சட்டத்திலும் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கடைசியாக, ஐம்பது காசு நோட்டுப் புத்தகமானாலும் ஒன்று வாங்கி வையுங்கள். தேதி, வந்த சாமான், வந்த ஆட்கள், கொடுத்த பணம், பார்த்த வேலை என்று நாளுக்கு ஐந்து வரி எழுதினால் போதும். படிக்கும் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். வேலைக்காரரிடம் சத்தம் போட வேண்டிய அவசியமே வராது. புத்தகத்தைத் திறந்து காட்டினால் பேச்சு சுருங்கிவிடும்.

அடுத்த இதழில் கூரையைப் பற்றிப் பார்ப்போம்: தகரமா, ஓடா, எவ்வளவு சரிவு, பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை என்ன செய்வது என்பவற்றை எழுதுகிறேன். உங்கள் நிலத்தில் ஏதாவது சிக்கல் இருந்தால், மண் எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தவரை இந்தப் பகுதியிலேயே பதில் தருகிறோம்.